மூன்றாம் முறை

(2015 ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரம். யாழ்ப்பாணத்துச் சந்தையோரம் ஒரு வெற்றிலைக் கடை. கடைக்காரர் நாகலிங்கம் ஈரச் சாக்கை விலக்கி வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருக்கிறார். எவருக்காவது பாடம் நடத்தாமல் வீடு திரும்பிப் பழக்கமில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் கந்தையா குடையை மடக்கிக்கொண்டு வருகிறார்.)

கந்தையா: நாகலிங்கம், இளம் வெற்றிலையாகப் பார்த்து இருபது எடுத்து வையும். ஓய்வூதியம் வந்ததும் காசைத் தருகிறேன்.

நாகலிங்கம்: இது குருநாகல் வெற்றிலை, மாஸ்டர். முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும் இந்தப் பாராளுமன்றத் தேர்தலில் சொந்த அம்பாந்தோட்டையை விட்டுவிட்டுக் குருநாகலில்தானே நிற்கிறார், அதுவும் வெற்றிலைச் சின்னத்தில். வெற்றிலை விளைகிற ஊருக்கே வெற்றிலை விற்கப் போகிற துணிச்சலை ஒரு வியாபாரியாக நான் மெச்சுகிறேன்.

கந்தையா: துணிச்சலா அது? சனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ நாலரை இலட்சம் வாக்குகளால் தோற்று வீட்டுக்குப் போனவர், போன வழியின் புழுதி அடங்குமுன் பாராளுமன்றத்துக்குப் புறப்பட்டு வருகிறார்.

நாகலிங்கம்: தோற்றபோதும் நூற்றுக்கு 47 பேர் அவருக்குத்தானே புள்ளடி போட்டார்கள்! இந்தத் தெருவில் போகிறவர்களில் நூற்றுக்கு 47 பேர் என் கடைக்கு வந்திருந்தால் நான் இன்று மாடி வீட்டில் இருந்திருப்பேன்.

கந்தையா: ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருந்த விதி. 2010இல் 18ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்து அதை அழித்தவர் இவர். பதவிக்காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு மிச்சமிருக்க, சோதிடர் குறித்துக் கொடுத்த நாளில் தேர்தலை வைத்து மூன்றாம் முறை நின்றவரும் இவர். கடந்த ஏப்ரலில் 212 பேர் ஆதரிக்க, ஒரேயொருவர் எதிர்க்க, 19ஆம் திருத்தம் நிறைவேறிப் பழைய விதி திரும்பி வந்துவிட்டது.

நாகலிங்கம்: அந்த 212 பேரில் அவருடைய ஆட்களும் இருந்தார்களே! அடைத்தது ஜனாதிபதி மாளிகைக் கதவை. இவர் தட்டுவது பிரதமர் வீட்டுக் கதவை. அது இருக்கட்டும், எனக்கு ஒன்றை விளங்கப்படுத்துங்கள். இரவு இவரோடு இருந்து அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் இவருக்கு எதிராக நின்றவர் இப்போதைய ஜனாதிபதி மைத்திரி. அன்னச் சின்னத்தில் நின்று வெற்றிலையைத் தோற்கடித்தவரும் அவர். இப்போது வெற்றிலைச் சின்னக் கூட்டணிக்கே தலைவரும் அவர். அந்தச் சின்னத்தில் இவரை நிற்க விட்டுவிட்டு, வென்றாலும் பிரதமராக்க மாட்டேன் என்கிறவரும் அவரே.

கந்தையா: அப்பம் தந்த நன்றிக்கடன் வேட்புமனுவோடு தீர்ந்துவிட்டது போலும். ஆனால் சனவரியில் இவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பேசியதை நீர் மறக்கலாமா? தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல், அந்தத் தெரிந்த பேய் நான்தான் என்று தம் வாயாலேயே சொன்னார். முப்பது ஆண்டுகள் பரீட்சைத் தாள் திருத்திய நான், கேள்வியோடு விடையையும் சேர்த்துத் தந்த ஒருவரை அன்றுதான் கண்டேன்.

நாகலிங்கம்: 2005இல் புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள், நாங்கள் வாக்களிக்கப் போகவில்லை, அவர் வென்றார். இந்த ஆண்டு வரிசையில் நின்று வாக்களித்தோம், அவர் தோற்றார். குருநாகலில் நமக்கு வாக்கே இல்லை; அதனால்தான் இருவரும் இவ்வளவு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கந்தையா: தெற்கில் அவரைப் போரை வென்ற மன்னர் என்கிறார்கள். இங்கே முள்ளிவாய்க்காலில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் இன்னும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நாகலிங்கம்: (சற்று நேரம் வெற்றிலையில் நீர் தெளிக்கிறார்) அதனால்தான் நிற்கட்டும் என்கிறேன், மாஸ்டர். மறித்தால் அவர் வீரர் ஆகிவிடுவார். நிற்கவிட்டால் சுவரொட்டியில் சிரிக்கிற இன்னொரு வேட்பாளர், அவ்வளவுதான்.

கந்தையா: அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் விதிகள் வீணாகின்றன. இரண்டு முறை என்றால் இரண்டே முறை! எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், எவ்வளவு நியாயமான காரணம் சொன்னாலும், மூன்றாம் முறைக்கு இடங்கொடுக்கவே கூடாது.

நாகலிங்கம்: (கடன் கொப்பியை விரிக்கிறார்) இதைத் தங்கள் வாயால் கேட்கத்தான் காத்திருந்தேன். யூனில் ஒரு முறை, யூலையில் ஒரு முறை. இந்தக் கடையிலும் கடன் இரண்டு முறைதான்.

கந்தையா: அது வெற்றிலைக் கடன். இன்று நான் பாக்கையும் சேர்த்தல்லவா கேட்க இருந்தேன்? ஆகவே இது முற்றிலும் வேறு கடன்.

நாகலிங்கம்: ஜனாதிபதி வேறு, பிரதமர் வேறு என்பதைப் போலவா?

கந்தையா: நான் ஊரில் மதிப்புள்ளவன். வேண்டுமானால் உமது வாடிக்கையாளர்களைக் கேட்டுப் பாரும்; நூற்றுக்கு 47 பேராவது எனக்குக் கடன் கொடுக்கலாம் என்பார்கள்.

நாகலிங்கம்: மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பது சனவரியிலேயே தெரிந்துவிட்டது, மாஸ்டர்.

கந்தையா: (குடையை விரித்து, மீண்டும் மடக்கி) சரி, விதியை மீறச் சொல்ல மாட்டேன். என் பெயரை நீர் எழுதவே வேண்டாம். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கடனை அவனுடைய பெயரில் எழுதும்.

நாகலிங்கம்: (காதில் செருகியிருந்த பேனாவை எடுக்கிறார்) தம்பியின் முழுப் பெயரைச் சொல்லுங்கள்.