கையெழுத்து போட்டால் மேற்பார்வை ஆகிவிடுமா?

அந்த வாட்ஸ்அப் செய்தி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆட்டிசப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெற்றோர்கள் இருக்கிற குரூப்பில் ஒரு இளம் டியூட்டரின் பெயரைப் போட்டு "கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறார் அவளுடைய மேற்பார்வையாளர். அவள் செஷன் நடத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரா அவர்? இல்லை. மாதக் கடைசியில் மணிக்கணக்குத் தாளில் கையெழுத்து மட்டும் தவறாமல் விழுந்திருக்கிறது. கையெழுத்து மேற்பார்வை ஆகாது.

அவள் செய்த தப்பு இதுதான். வாயால் கேட்பதற்குப் பதில், வேண்டியதன் படம் உள்ள அட்டையை எடுத்து நீட்டிக் கேட்கப் பிள்ளையைப் பழக்குகிறோம். பிள்ளை அந்த அட்டையைத் தானாக எடுத்து நீட்டுவதற்குள் "வேணுமா?" என்று கேட்டுவிட்டாள். இப்படியே கேட்டால் பிள்ளை நம் கேள்விக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது சொன்னால் வருகிற காரியமா? பழக்கினால்தான் வரும். என் முதல் மேற்பார்வையாளர் எனக்கு அப்படித்தான் பழக்கினார். அவரே பிள்ளையாக எதிரில் உட்காருவார். நான் வாய் திறந்தால் அட்டையைக் கீழே வைத்துவிட்டு "திரும்ப" என்பார், குரலில் கோபமே இருக்காது. சரியாக வந்ததும், எது சரியாக இருந்தது என்று அங்கேயே சொல்வார். அப்புறம்தான் பிள்ளையிடம் விட்டார்.

சொல்லிக்கொடு, செய்து காட்டு, செய்ய விடு, திருத்து. நம் துறையில் இது தெரியாதவர் யார்? பல் தேய்ப்பதைக்கூடப் படிப்படியாகப் பிரித்து, எது தேறினால் அடுத்தது என்று எழுதி வைக்கிறோம். பிள்ளைக்கு வராவிட்டால் பாடத்தை மாற்றுகிறோம். டியூட்டருக்கு வராவிட்டால் மட்டும் ஊரறியத் திட்டுவோமா?

"நடத்தைப் பயிற்சி தருகிறவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியமான பிஏசிபி 2023 முதல் தென்னாப்பிரிக்காவில் புது விண்ணப்பமே வாங்குவதில்லை, அவர்கள் விதி நமக்கு எதற்கு" என்று யாராவது வருவீர்கள். சான்றிதழ் வராது, சரி. பிள்ளை இங்கேதானே இருக்கிறது? "நேரமில்லை, ஆட்கள் அதிகம்" என்பதையும் கேட்டுவிட்டேன். உங்களால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்குத்தான் ஆட்களை ஏற்க வேண்டும் என்று 2022-இல் நடப்புக்கு வந்த அதே பிஏசிபியின் நெறிமுறை சொல்கிறது. இவளைப் போலப் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்கிற டெக்னீஷியன்களுக்கு, அவர்கள் விதிப்படி, மாத வேலை நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை வேண்டும். நூறு மணி நேரத்துக்கு ஐந்து! அதுவும் முடியாதென்றால் கையெழுத்து மட்டும் எதற்கு?

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து டாக்சி மாறி மாறி வருகிற பெண் அவள். தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். "யாரிடம் ஆன்ட்டி கேட்பது?" என்று என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இப்படித்தான் நல்ல பிள்ளைகள் இந்த வேலையை விட்டுப் போகிறார்கள், நாமும் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் செய்தியை முதலில் நீக்குங்கள். அதே குரூப்பில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து அட்டையை எடுங்கள். பிள்ளையாக உட்கார ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.