கன்னியா வெந்நீரும் மின்சாரமும்

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணற்றில் பிஸ்மத் டெல்லுரைடுத் தகட்டை அமிழ்த்தி வைத்தால் இரவு பகலாக மின்சாரம் வரும் என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். பொருள் நல்ல பொருள்தான். பிஸ்மத், டெல்லூரியம் என்ற இரு தனிமங்கள் சேர்ந்து, ஐந்தைந்து அணுத்தளங்களாக அடுக்கிய படிகம். ஆனால் 1821இல் சீபெக் என்ற அறிவியலாளர் கண்ட, சூட்டிலிருந்து மின்சாரம் தரும் விளைவுக்கு வெறும் சூடு போதாது, வெப்பநிலை வேறுபாடு வேண்டும். முழுவதும் மூழ்கிய தகட்டில் இரு முகமும் ஒரே சூடு, மின்னழுத்தம் பூச்சியம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம், ஐயா. பெல்டியர் தகடு ஒன்றை (மின்சாரம் செலுத்தினால் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சுடும் தகடு; அதற்குள்ளும் பெரும்பாலும் இதே பொருள்தான்) மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் இணையுங்கள். சுடுதேநீர்க் கோப்பையின் பக்கத்தில் ஒரு முகத்தை ஒட்டி, மறுமுகத்தில் பனிக்கட்டியை வைத்தால் எண் ஏறும். பிறகு தகட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி வெந்நீருக்குள் முழுதாக இறக்குங்கள். எண் சற்றுத் துள்ளிவிட்டுப் பூச்சியத்தில் வந்து நிற்கும்.