ஏஞ்சலும் நியானும் ஒரே தொட்டியிலா?

எந்தெந்த அலங்கார மீன்களை ஒரே தொட்டியில் வளர்க்கலாம் என்ற உங்கள் கட்டுரையில், அமைதியான மீன்கள் என்று ஏஞ்சலையும் நியான் டெட்ராவையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. நாணய அளவில் வாங்கும்போது ஏஞ்சல் பரம சாதுதான். ஆனால் அது 15 செ.மீ. வரை வளரும், நியான் 3, 4 செ.மீ.யோடு நின்றுவிடும். அப்புறம் வாய்க்குள் அடங்குகிற எதுவும் ஏஞ்சலுக்கு இரைதான். என் தொட்டியில் எட்டு நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நான் ஃபில்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை கழற்றிப் பார்த்தேன்! ஏஞ்சலின் வயிறு உப்பியிருந்தது கண்ணில் படவே இல்லை.

டைகர் பார்ப் மீன் மற்ற மீன்களைக் கடிக்கும் என்று நீங்கள் சொன்னது சரி, ஆனால் பாதிதான். இரண்டு மூன்று மட்டும் விட்டால் கப்பி, பீட்டா போன்ற நீள வால் மீன்களைக் கடித்துக் குதறும். எட்டுப் பத்தாகக் கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். அப்போதும் நீள வால்காரர்களை அதோடு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். கோல்ட்ஃபிஷ்ஷுக்கு 18 முதல் 22 டிகிரி போதும், டிஸ்கஸ் மீனுக்கு 28 வேண்டும். இரண்டும் சண்டையே போடாவிட்டாலும் ஒரே தொட்டியில் ஒன்றுக்குக் கஷ்டம்தான்.

இன்னொன்று, தொட்டியின் அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீனான கோரிடோராஸைத் துப்புரவுப் பணியாளர் என்று எழுதாதீர்கள். மிச்சம் மீதியை மட்டும் நம்பினால் அது பட்டினிதான். மூழ்கும் தீவனம் தனியாகப் போடுங்கள், கோரிடோராஸை வாங்கும்போது குறைந்தது ஆறு மீன்களாவது வாங்குங்கள். அடியில் கூர்மையான கல் வேண்டாம், அதன் வாயோர மீசை தேய்ந்துவிடும். மெல்லிய மணல் போதும்.