இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிடலாமாம்!

"உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், கடினத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வீட்டிலேயே இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிடலாம்" என்று சொல்லி, காரின் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனை விற்கிறவர், இவற்றில் ஒன்றையாவது தம் கையால் செய்து பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் செய்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் அல்ல, மூன்று சனிக்கிழமைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயின. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகாமல் காருக்கடியில் கிடந்ததை அம்மா இன்று வரை சொல்லிக் காட்டுகிறார்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், காரைத் தரையோடு தரையாக இறக்கி ஸ்டைல் காட்டப் பார்த்தவன் நன்றாகப் பட்டான் என்று எங்கள் தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஸ்டைல் காட்டும் காலமெல்லாம் போய்விட்டது. நான் விரும்பியது அதற்கு நேர் எதிரானது. மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. கார் சின்னது, பத்து வயதானது. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசியத் தொடங்கிவிட்டது. ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் அமுங்கி, குருசடி முக்கில் இருக்கும் வேகத்தடையில் அடிவயிறு உரசும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரசின் விதிப்படி வேகத்தடை என்பது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி மெல்ல ஏறி இறங்கும்படி வளைந்திருக்க வேண்டும். எங்கள் முக்கில் இருப்பதோ அம்மிக் குழவியை ரோட்டின் குறுக்கே பாதி புதைத்து வைத்தது போன்றது. அதன் அகலம் இரண்டு அடி கூட இராது. எனவே, எப்படியும் மாற்ற வேண்டிய ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக உயரத்தைத் திருகிக் கூட்டக்கூடிய சஸ்பென்ஷனையே போட்டுவிட்டால், வண்டியை இரண்டு சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளலாமே என்று கணக்குப் போட்டேன். விற்றவரிடம் தொலைபேசியில் தெளிவாகவே கேட்டேன்: "உயரத்தைக் கூட்ட முடியுமா?" "தாராளமாகக் கூட்டலாம் சார்" என்றார். இந்தத் 'தாராளமாக' என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

பெட்டி வந்தது. பளபளக்கும் நான்கு ஷாக் அப்சார்பர்கள், மரையிட்ட உடம்பு, அதில் ஏறி இறங்கும் வளையங்கள், அவற்றைத் திருக கொக்கி போல் வளைந்த இரண்டு ஸ்பேனர்கள், பிள்ளைகள் உடனே பிடுங்கிக்கொண்ட இரண்டு ஸ்டிக்கர்கள். விளக்கக் குறிப்பு என்ற பெயரில் நான்காக மடித்த ஒரே ஒரு தாள் இருந்தது. எந்த நட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்று அதில் ஓர் எண்கூட இல்லை. சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டுகளைப் பற்றிப் பேசும்போது அந்த எண்தானே முதலில் வேண்டும்? இறுக்கம் குறைந்தால் கழன்றுவிடும், கூடினால் மரை போய்விடும். ஆனால் தாளின் கடைசி வரியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், "பயிற்சி பெற்ற வல்லுநரே பொருத்த வேண்டும்" என்று அச்சிட மட்டும் மறக்கவில்லை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'வீட்டிலேயே', தாளில் பொடி எழுத்தில் 'வல்லுநரே'. எதிலாவது ஒன்றில் உண்மையைச் சொல்லுங்கள் ஐயா.

முதல் சனிக்கிழமையின் முதல் மணி நேரம் ஜாக்கியிலேயே போயிற்று. முற்றத்தில் பதித்திருக்கும் இன்டர்லாக் கற்கள் அதற்கு முந்தைய வார மழையில் ஊறிக் கிடந்ததால், ஜாக்கியை ஏற்ற ஏற்ற வண்டி உயரவில்லை, கற்கள்தான் இறங்கின. பழைய கட்டிலிலிருந்து கழற்றி வைத்திருந்த அயனிப் பலகைகளை அடியில் கொடுத்து, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளை அவற்றின் மேல் நிறுத்தி, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில் கை விட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பவர் யாராயிருந்தாலும், அவரை வீட்டார் காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும்.

அதன் பிறகு வந்தது லிங்க் ராடு. திருப்பத்தில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை, முன்பக்க ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டோடு இணைக்கும், ஒரு சாண் நீளமுள்ள இந்த அற்பப் பொருளைப் பற்றி நான் ஒரு தனி நூலே எழுதுவேன். அதன் நுனியில் ஒரு பந்து மூட்டு இருக்கிறது. நட்டைத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து பந்தின் தண்டும் சுழலும். சுழலாமல் பிடிப்பதற்காகத் தண்டின் முனையில் சின்னதாக ஓர் ஆறுபட்டைக் குழி வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஆலன் சாவியை நுழைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். மாட்டும் விதத்தைக் காட்டும் காணொளியில் அந்த நட்டு வாழைப்பழத்தை உரிப்பது போலக் கழன்று வருகிறது. அவர்கள் ஊர்க் காற்றில் உப்பு இல்லை போலும். இங்கே ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இடைப்பட்ட மாதங்களில் கடற்காற்று. ஜன்னல் கம்பிக்கே ஆண்டு தவறாமல் பெயின்ட் அடிக்கிறோம், காருக்கடியில் இருக்கும் நட்டுக்கு யார் அடித்தார்கள்? அந்தக் குழி துருவால் நிரம்பி, குழி என்றே தெரியாமல் கிடந்தது. ஊசியால் சுரண்டினேன். துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊற விட்டேன். மறுநாள் ஆலன் சாவியை நுழைத்துத் திருப்பிய முதல் அழுத்தத்திலேயே குழியின் ஆறு பட்டையும் தேய்ந்து வட்டமாகிவிட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கும் மருமகன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "மாமா, இது களராது, அறுத்திருவோம்" என்றான். இரும்பறுக்கும் வாளால் ஒரு பக்கம் அறுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. மறு பக்கத்துக்குப் பக்கத்து வீட்டு வெல்டரிடம் கிரைண்டர் இரவல் வாங்கினோம். ஆக, பெட்டியில் இல்லாத இரண்டு புதிய லிங்க் ராடுகள் முதல் உபரிச் செலவு. புதிய ஸ்ட்ரட்டில் அதை மாட்டும் காது பழையதைவிட வேறு உயரத்தில் இருந்ததால், கம்பெனி அளவு பொருந்தாமல், நீளம் குறைந்த வேறு ஜோடியைத் தேடி நாகர்கோவிலில் கடை கடையாக அலைந்தது இரண்டாவது உபரிச் செலவு. 'உங்கள் வண்டிக்கு நேரடியாகப் பொருந்தும்' என்று எழுதியவர் அந்த இரண்டு காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

ஸ்ட்ரட்டின் கீழே இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள் நான்கடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கியதும் மரியாதையாகக் கழன்றுவிட்டன. அவற்றின் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் உண்மையான துரோகம் மேலே காத்திருந்தது. ஸ்ட்ரட்டைக் காரின் உடம்போடு பிணைக்கும் ரப்பர் மவுண்ட், அதற்குள் இருக்கும் பேரிங் ஆகிய இரண்டும் புதிய பெட்டியில் இல்லை. பழைய ஸ்ட்ரட்டிலிருந்து கழற்றி எடுத்து இதில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். பழையதிலிருந்து கழற்றுவது என்றால், அமுக்கிப் பூட்டிய ஸ்பிரிங்கை, கொக்கிகளால் பிடித்து அமுக்கும் கம்ப்ரசர் என்ற கருவியைப் போட்டு மேலும் அமுக்கி, நடு நட்டைக் கழற்ற வேண்டும் என்று பொருள். 900 கிலோ எடையுள்ள காரில் முன்பக்கத்துக்கு 60 விழுக்காடு போனால், ஒரு மூலைக்கு 270 கிலோ. அந்த எடையைத் தாங்குவதற்காகச் செய்த ஸ்பிரிங் அது. கொக்கி ஒன்று வழுக்கினால் அது மனிதனின் முகத்தைப் பார்த்துத்தான் பாயும். இப்படிப்பட்ட வேலையை வாங்குபவன் தலையில் கட்டிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்காமல், 'வீட்டிலேயே மாட்டலாம்' என்று எழுதுவதை நான் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். கம்ப்ரசர் இரவல் கேட்டுத் திங்கள்சந்தையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத வீட்ல வச்சு செய்யப்பிடாது மக்கா, கை போயிரும். ரெண்டையும் எடுத்துட்டு வா, நான் பிரிச்சுத் தாறேன்" என்றார். இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனேன். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். அந்தத் தாளில் சொல்லியிருந்த வல்லுநர் அவர்தான் என்றால், முதலிலேயே காரை அவரிடம் விட்டிருப்பேனே!

பின்பக்கம் எளிது, அதில் ஒரே ஒரு பிழை செய்தேன், அதுவும் தாள் சொல்லாததால் செய்தது. ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிட்டேன். வண்டி தரையில் நின்று, அதன் எடை சக்கரத்தில் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மெக்கானிக் அண்ணன் போகிற போக்கில் சொன்னதால் திரும்ப இளக்கி இறுக்கினேன்.

இனி அந்தத் 'தாராளமாக' என்ற சொல்லுக்கு வருகிறேன். வேலை தொடங்கும் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நாடா வைத்து அளந்து, 37 சென்டிமீட்டர் என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் மாட்டி, வளையங்களை அவை போகும் உச்சம் வரை திருகி, வண்டியை இறக்கி, தெருவில் ஒரு நடை ஓட்டி வந்து அளந்தால் 34.5 சென்டிமீட்டர். மறுபடி அளந்தேன். மருமகனை அளக்கச் சொன்னேன். உச்ச உயரத்தில் வைத்தும் வண்டி பழையதைவிட இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது! விற்றவரை அழைத்தேன். "சார், இந்த மாடலே வண்டியை இறக்குவதற்குத்தான். இறக்கினதில் இருந்து வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்" என்றார், ஒரு கூச்சமும் இல்லாமல். சம்பளத்தில் ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் மூவாயிரத்தைத் திருப்பித் தந்தால் அதற்குப் பெயர் சம்பள உயர்வா? இந்த வகைப் பொருள்களில் பெரும்பாலானவை வண்டியைத் தாழ்த்துவதற்காகவே வடிவமைக்கப்படுகின்றன என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொள்ளாதது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டேனே? கேட்டதற்குத்தானே பொய் சொல்லாமலே பொய் சொன்னார்? வேறு வழியில்லாமல் பின்பக்க ஸ்பிரிங் அமரும் தட்டை அளவுக்கு மீறித் திருகிச் சற்றுத் தூக்கிப் பார்த்தேன். அப்படித் தூக்கினால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்குவதற்கு இருக்கும் தூரம் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு குழியிலும் சக்கரம் எல்லையில் போய் 'டொக்' என்று இடிக்க, பழையபடி இறக்கிவிட்டேன்.

கடினத்தை மாற்றும் குமிழில் 24 படிகள் இருக்கின்றன. மிக மென்மையான முதல் படியே பழைய ஷாக் அப்சார்பரைவிடக் கட்டாந்தரையாக இருக்கும்போது மற்ற 23 படிகள் யாருக்கு என்று தெரியவில்லை. பின்பக்கக் குமிழ்கள் டிக்கியின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒளிந்திருப்பதால், அவற்றைத் தொட வேண்டுமானால் ஆறு கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். அதில் இரண்டு முதல் தடவையிலேயே உடைந்தன. உயரம் மாறினால் முன் சக்கரங்களின் கோணமும் மாறும் என்பதால், ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டே நாகர்கோவில் வரை ஓட்டிச் சென்று வீல் அலைன்மென்ட் பார்த்தேன். அந்தச் செலவும் விளம்பரத்தில் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அதில் இல்லை. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிற அந்தப் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது என்பதை, பணத்தைக் கட்டிப் பொருளை மாட்டி முடித்த பிறகு நானே தேடிப் படித்து வயிற்றில் புளி கரைத்துக்கொண்டேன்.

இவையெல்லாம் நடந்தது மே மாதத்தில். இப்போது ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. போன வாரம் முன்பக்க வளையத்தைச் சரிசெய்யலாம் என்று கொக்கி ஸ்பேனரைப் போட்டால், வளையம் அசையவே இல்லை. மரையின் பள்ளங்களில் மண்ணும் உப்பும் ஏறி, வெள்ளையாகப் பூத்து, வளையத்தை உடம்போடு ஒட்டிவிட்டிருக்கின்றன. மாட்டும்போதே மரைக்குக் கிரீஸ் தடவி, மாதம் ஒரு தடவை கழுவித் துடைத்திருக்க வேண்டுமாம். அதையும் அந்தத் தாள் சொல்லவில்லை. ஓங்கித் தட்டியதில் ஸ்பேனரின் கொக்கிதான் முறிந்தது. ஆகவே, உயரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்பட்ட இந்தச் சஸ்பென்ஷன் இப்போது மாற்றவே முடியாத உயரத்தில் நிற்கிறது, அதுவும் நான் கேட்காத உயரத்தில்.

பழைய ஸ்ட்ரட்டுகள் விறகுப்புரையில் கிடக்கின்றன. அவற்றைத் திரும்ப மாட்டலாம் என்றால் மவுண்ட் இரண்டும் புதியதில் போய்விட்டன, பழைய லிங்க் ராடுகளை அறுத்தாயிற்று, எண்ணெய்க் கசிவு அப்படியே இருக்கிறது. கம்பெனி ஷாக் அப்சார்பர் நான்குக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறேன். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்று வீட்டில் இதுவரை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருக்கிறது. பணம் சேரும் வரை, முன்பு ஐந்து பேர் ஏறினால் மட்டும் உரசிய அந்த வேகத்தடையில் இப்போது நான் ஒருவன் ஏறினாலும் உரசுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குருசடி முக்கு வந்ததும் வண்டியை நிறுத்துகிறேன். அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நடந்து கடக்கிறார்கள். நான் வெறும் காரைச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி, அந்தப் பக்கம் போய் அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கிறேன்.