பிப்ரவரியில் மாம்பழ வாசனை

2022 பிப்ரவரி. துவைக்கிற துணியை எடுக்க மகனுடைய அறைக்குள் போனேன். மாம்பழ வாசனை. இங்கே கலிபோர்னியாவில் நம்ம ஊர் மாம்பழப் பெட்டி கடைக்கு வருவதற்கு எப்படியும் ஏப்ரல் ஆகிவிடும். சேலத்தில் பிறந்தவளுக்கு அந்த வாசனையைச் சொல்லித் தரவும் வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். நாற்காலியில் கிடந்த ஹூடியின் பாக்கெட்டில் ஹைலைட்டர் பேனா அளவில் மஞ்சளாக ஒன்று இருந்தது. பேனா என்று நினைத்து மூடியைத் திறக்கப் பார்த்தேன். மூடியே இல்லை. அடியில் பொடி எழுத்தில் "நிகோடின் 5%" என்று போட்டிருந்தது. வேப், அதாவது ஆவியாக இழுக்கிற இ-சிகரெட்.

அவனுக்கு அப்போது 16 வயது. "ஃப்ளேவர்தாம்மா, வெறும் ஆவி" என்றான். பொய் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அப்படி இல்லை. அதை அவன் நம்பினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

அவன் அதை விட்டு நாளாகிவிட்டது. விடுவதற்குள் ஏழெட்டு மாதம் பட்ட பாடு தனிக்கதை. தூக்கம் போச்சு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், கெமிஸ்ட்ரி மார்க் அதலபாதாளம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போன வாரம் எங்கள் தமிழ்க் குழு ஒன்றில், "பெரியவங்க எந்த வாசனையில புகை விட்டா அரசாங்கத்துக்கு என்ன, ஃப்ளேவரை எதுக்குத் தடை பண்ணணும்?" என்று ஒருவர் கேட்டார். நிறைய பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். இது அவர்களுக்கான பதில்.

என் அப்பா பீடி பிடித்தவர். பதிமூன்று வயதில் ஏரிக்கரையில் முதல் பீடியை இழுத்ததும் இருமி, வாந்தி எடுத்து, மறுபடி அதைத் தொட இரண்டு வருஷம் ஆனது என்று சொல்லுவார். அந்த இருமல்தான் உடம்பு போட்டிருக்கும் காவல். புகையிலையின் காரம் ஒரு சின்னப் பையனுக்கு முதல் இழுப்பிலேயே "போடா" என்று சொல்லிவிடும். மாம்பழம், தர்பூசணி, பஞ்சுமிட்டாய் வாசனை என்ன செய்கிறது? அந்தக் காவலாளிக்கு லஞ்சம் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறது. போதாததற்கு நிகோடினோடு ஓர் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கி விடுகிறார்கள். தொண்டையில் எரிச்சலே தெரியாது. அப்பாவுக்கு இரண்டு வருஷம் எடுத்த இரண்டாவது இழுப்பு, என் பையனுக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

"சாப்பாட்டில் போடுகிற வாசனைதானே" என்பார்கள். வயிறு வேறு, நுரையீரல் வேறு. மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்தடுத்து நுரையீரல் கெட்டது 2000ஆம் ஆண்டில் வெளியே தெரிந்தது. காரணம் டைஅசிட்டைல் என்ற வெண்ணெய் வாசனைப் பொருள். பாப்கார்னில் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தவர்களுக்கு மூச்சுக்குழாய்களின் நுனி தழும்பேறி அடைத்துக்கொண்டது. எல்லா வேப்பிலும் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தின்னலாம் என்று சான்றிதழ் வாங்கிய பொருளை நெஞ்சுக்குள் இழுக்கலாம் என்று யாரும் சான்றிதழ் தரவில்லை, அவ்வளவுதான்.

இது அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2009இலேயே சட்டம் போட்டு சிகரெட்டில் பழ வாசனை, மிட்டாய் வாசனையை எல்லாம் தடுத்தார்கள். புதினா போலக் குளிர்ச்சி தரும் மென்தாலை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆனால் உணவு, மருந்து, புகையிலைப் பொருள்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் கைக்கு இ-சிகரெட் வந்ததே 2016இல்தான். அதற்குள் 2015இல் ஜூல் என்ற இ-சிகரெட் சந்தைக்கு வந்துவிட்டது. அரசாங்கத்தின் மாணவர் கணக்கெடுப்பைப் பாருங்கள்: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் முந்தைய 30 நாளில் வேப் இழுத்தவர்கள் 2017இல் 11.7 சதவீதம், 2019இல் 27.5 சதவீதம். நாலில் ஒன்றுக்கு மேல்!

அப்புறம் 2020 ஜனவரியில் எஃப்.டி.ஏ. ஒரு நடவடிக்கை அறிவித்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். புகையிலை, மென்தால் தவிர மற்ற ஃப்ளேவர்களை நிறுத்துகிறோம் என்றார்கள், ஆனால் கார்ட்ரிட்ஜ் என்கிற திரவக் குப்பியை மாற்றிப் போடும் கருவிகளுக்கு மட்டும். இழுத்து முடித்துத் தூக்கிப் போடுகிற டிஸ்போசபிள் அந்தக் கணக்கில் வரவில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதைதான். பிள்ளைகள் கூட்டமாக டிஸ்போசபிளுக்கு மாறினார்கள். இன்னொரு ஓட்டையும் இருந்தது. "எங்கள் நிகோடின் புகையிலையில் எடுத்ததில்லை, ஆய்வகத்தில் செய்தது, அதனால் இது புகையிலைப் பொருளே இல்லை" என்று சில கம்பெனிகள் வாதாடின. நாடாளுமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது 2022 மார்ச்சில். என் மகன் பாக்கெட்டில் அந்த மஞ்சள் பேனா கிடைத்ததற்கு அடுத்த மாதம்.

அந்த வருஷம் நவம்பரில் கலிபோர்னியாவில் ஃப்ளேவர் தடைச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. சட்டமன்றம் 2020இலேயே நிறைவேற்றிவிட்டது. புகையிலைக் கம்பெனிகள் கையெழுத்து வாங்கி, பொதுவாக்கெடுப்பு என்று இரண்டு வருஷம் இழுத்தடித்தார்கள். குடியுரிமை வாங்கியபின் நான் போட்ட முதல் ஓட்டு அது. நூற்றுக்கு 63 பேர் தடை வேண்டும் என்றார்கள். மறுநாளே ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற புகையிலைக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. உச்ச நீதிமன்றம் தடுக்க மறுத்தது. டிசம்பர் 21 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், இது விற்கிறவரைத்தான் தண்டிக்கிறது. வைத்திருந்த பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவில்லை.

சரி, பெரியவர்கள் கேள்விக்கு வருகிறேன். என் கணவரின் நண்பர் ஒருவர் 22 வருஷ சிகரெட்டை வேப் பிடித்துத்தான் விட்டார். அதை நான் மறுக்க மாட்டேன். நிகோடின் பேட்ச், சூயிங்கம்மை விட வேப் பலருக்குக் கைகொடுக்கிறது என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. ஆனால் அவர் இழுத்தது புகையிலை ஃப்ளேவர். மாம்பழம் இல்லாவிட்டால் சிகரெட்டை விட முடியாது என்கிறவர், சரி, அதை நிரூபிக்கட்டும். எஃப்.டி.ஏ. கேட்பதும் அதுதான்: இந்த ஃப்ளேவரால் பெரியவர்களுக்குக் கிடைக்கும் நன்மை பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைவிடப் பெரியது என்று காட்டுங்கள். காட்ட முடியாமல் லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. ஒரு கம்பெனி தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரலில் நீதிபதிகள் ஒன்பது பேரும் எஃப்.டி.ஏ. பக்கம் நின்றார்கள். இந்த விஷயத்தில் ஒன்பது பேரும் ஒத்துப்போனதைக் குழு நண்பர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இந்தியா 2019இல் இ-சிகரெட்டை மொத்தமாகத் தடை செய்ததைச் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கேயும் ஒளித்து விற்கிறார்கள் என்று அக்கா பையன் சொல்கிறான். நான் மொத்தத் தடை கேட்கவில்லை. பிள்ளைகளை இழுக்கும் வாசனையை, எந்தக் கருவியாக இருந்தாலும், ஓட்டை விடாமல் எடுங்கள் என்கிறேன். பலன் தெரிகிறது. 2019இல் அமெரிக்கா முழுக்க 50 லட்சத்தைத் தாண்டிய வேப் இழுக்கும் மாணவர் எண்ணிக்கை 2024இல் 16.3 லட்சமாக இறங்கியது. அந்த 16.3 லட்சத்திலும் நூற்றுக்கு 88 பேர் இழுப்பது ஃப்ளேவர்தான். முதலிடம் பழ வாசனைக்கு.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் பால் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பையன் எதுவும் கேட்கவில்லை, கண்ணைக் காட்டினான். கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே இருந்த டிராயரைத் திறந்தார். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று வரிசையாக அடுக்கியிருந்தது. பாலை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, கடை முகவரியோடு புகார் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை நேரிலேயே போகப் போகிறேன். கூட வர யாருக்காவது முடியுமானால் கீழே சொல்லுங்கள்.