அக்கா, இதுக்கு உங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?

விளம்பரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் போனால் ஜவுளிக்கடை வாசலில் நின்று, "வாங்க ஆச்சி, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் கடைக்காரர் என்று எனக்குத் தெரியும். நான் வாங்க வந்தவள் என்று அவருக்குத் தெரியும். அவர் புகழ்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைக் காதில் போட்டுக்கொள்வேன், விலை பேசுவேன், ஒத்துவரவில்லை என்றால் நடையைக் கட்டுவேன். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

என் வயிறு எரிவது வேறு இடத்தில். சேலை, நகை, முகத்துக்குப் போடும் கிரீம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று இணையத்தில் பெண்கள் நாலு பேர் கூடிப் பேசுகிறோம். அந்த நாலு பேரில் ஒருத்தியாக வந்து உட்கார்ந்துகொண்டு, காசு வாங்கியதை மறைத்துக்கொண்டு, "நான் வாங்கினேன் அக்கா, சூப்பரா இருக்கு" என்கிறார்களே, அதைப் பார்த்துத்தான்.

நடக்கிற விதத்தைக் கொஞ்ச நாள் கவனித்தாலே பிடிபட்டுவிடும். ஒருத்தி வந்து கேட்பாள்: "பொங்கலுக்குக் கட்ட நல்ல செட்டிநாட்டுக் காட்டன் எங்க கிடைக்கும் தோழிகளே?" உண்மையாக வாங்க நினைக்கிறவள் விலை எவ்வளவுக்குள் வேண்டும், என்ன நிறம், யாருக்கு என்று சொல்லித்தான் கேட்பாள். இவள் எதையும் சொல்ல மாட்டாள். கேட்ட சூட்டிலேயே இன்னொருத்தி ஒரு கடையின் பெயரைப் போடுவாள். மூன்றாவது ஆள் வந்து, "ஆமா சிஸ், நானும் அங்கதான் வாங்கினேன், துணி வெண்ணெய் மாதிரி" என்பாள். நாலாவது ஆள் படம் போடுவாள். அந்தப் படம் கடைக்காரர் எடுத்த படமாகவே இருக்கும். யாராவது விலை கேட்டால் அங்கே சொல்ல மாட்டார்கள், இன்பாக்ஸுக்கு வரச் சொல்வார்கள். அப்புறம் அந்த நாலு பேரின் பழைய பதிவுகளைப் போய்ப் பாருங்கள். போன மாதம் இதே நாலு பேர் ஒரு குங்குமாதித் தைலத்துக்காக இதே மாதிரி கேட்டு, இதே மாதிரி பதில் சொல்லியிருப்பார்கள்.

இது ஒரு வகை. இன்னொரு வகையில் ஆள் உண்மையான ஆள்தான். பத்தாயிரம், இருபதாயிரம் பேர் பின்தொடர்கிற நம் ஊர்ப் பெண். சேலை இலவசமாக வரும், கட்டிக்கொண்டு பழைய வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வீடியோ எடுப்பாள். ஆத்தங்குடிக் கல்லும் பர்மா தேக்குத் தூணும் பின்னால் தெரியும். "எங்க அப்பத்தா கட்டின மாதிரியே இருக்கு" என்று கண் கலங்குவாள். அந்தச் சேலை கூரியரில் சும்மா வந்தது, வீடியோவுக்கு இத்தனை ஆயிரம் என்று பேசி முடித்தது, கீழே இருக்கிற லிங்க் வழியாக வாங்கினால் அவளுக்கும் ஒரு பங்கு போகும். இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டாள். அப்பத்தாவை மட்டும் சொல்வாள். இறந்துபோன கிழவியை விற்பனைக்கு இழுத்து வருவதற்கு எப்படி மனசு வருகிறது?

மூன்றாவது வகைதான் ரொம்பப் பரவலாக நடக்கிறது. பொருளைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டு, நாலு வரி புகழ்ந்து எழுதி, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பணம் திரும்பி வந்துவிடும். எழுதியவளுக்குப் பொருள் ஓசி. படிக்கிறவளுக்கு அது "வாங்கிப் பயன்படுத்தியவர்" சொன்ன கருத்து.

எங்கள் பக்கத்தில் கேட்டு வாங்குவது காலங்காலமான பழக்கம். கல்யாணம் என்றால் சீர்ச் சாமான்களை எல்லோரும் பார்க்கப் பரப்பி வைக்கிற ஊர் இது. எதற்கும் பட்டியல் உண்டு, பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் நாலு பேரைக் கேட்டுத்தான் கடைக்குப் போவோம். ஒரு விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே, "இந்தச் சேலை எங்க எடுத்ததுத்தா?" என்று கரையைக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். அந்தப் பதில் எப்படி இருக்கும் தெரியுமா? "கரை நல்லா நிக்கும். ஆனா மொதத் தடவை உப்புத் தண்ணியில தனியா அலசிரு, அரக்கு கொஞ்சம் விடும். அந்தக் கடையில கட்டம் போட்டது வாங்கு, வெறும் கலர் எடுக்காத, வெளுத்துரும்." குறை இல்லாத சிபாரிசை எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் சொன்னதே இல்லை. அந்தக் குறையில்தான் நம்பிக்கையே இருக்கிறது. காசு வாங்கிப் பேசுகிறவள் வாயில் அந்தக் குறை மட்டும் வராது, வந்தால் அடுத்த பார்சல் வராது.

இந்தக் கூத்தில் ஓரமாகத் தள்ளப்படுகிறவர்கள் யார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்கு என்று சட்டப்படி தரும் அடையாளம், கிடைத்தது. கெட்டிப் பருத்தி, அகலக் கரை, கட்டமும் கோடும், மஞ்சள், அரக்கு, கருப்பு என்று எட்ட நின்று பார்த்தாலே தெரிகிற சேலை. தறியில் உட்கார்ந்து, கையும் காலும் ஓயாமல் நாள்கணக்கில் நெய்தால் ஒன்று இறங்கும். குறியீடு வந்ததும் பெயருக்கு மவுசு வந்தது. பெயருக்கு மவுசு வந்ததும் எங்கோ விசைத்தறியில் மணிக்கணக்கில் ஓட்டிய துணியெல்லாம் "செட்டிநாட்டுக் கைத்தறி" ஆகிவிட்டது. இணையத்தில் அதைக் கைத்தறி என்று நம்ப வைக்கிறவர்கள் யார்? நான் மேலே சொன்ன சிஸ்களும் அக்காக்களும்தான்.

கடையில் நின்றால் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். கைத்தறியில் ஓரத்தை ஒட்டி, துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்த குச்சியின் ஊசித் துளைகள் பல சேலைகளில் தெரியும். நூல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடித்திருக்கும். கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கலாம். போனில் பார்க்கிற பெண்ணுக்கு இது எதுவும் கிடையாது. அவளுக்கு இருக்கிற ஒரே துணை இன்னொரு பெண்ணின் சொல். அந்தச் சொல்லைத்தான் விலைக்கு வாங்கிவிட்டார்கள். நெசவு செய்கிறவர் ஐம்பது சேலையை இலவசமாக அனுப்ப எங்கே போவார்? ஒரு சேலைக்குக் கிடைக்கிற கூலியை வைத்து அரிசி வாங்க வேண்டியவர் அவர். இலவசமாக அனுப்ப முடிகிறவன் கைத்தறிக்காரனாகி, நெய்கிறவர் "ரேட் ஜாஸ்தி" என்று பேச்சு வாங்குகிறார்.

சேலையோடு போனால்கூடப் பணத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். தோலில் கை வைக்கிறார்கள்.

என் சின்னம்மா மகள் தேவகோட்டையில் இருக்கிறாள். கல்யாணம் நிச்சயமானதும் ஒரு நைட் கிரீம் வாங்கினாள். டப்பாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி கிடையாது, தயாரித்தவர் முகவரி கிடையாது. எப்படி வாங்கினாய் என்று கேட்டால், "குரூப்ல அத்தனை பேர் நல்லாருக்குன்னாங்கக்கா" என்றாள். முதலில் முகம் பளபளவென்று இருந்தது. நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, பரு பருவாகக் கிளம்பியது. வெயிலில் நிற்க முடியவில்லை. டாக்டர் பார்த்த உடனே ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை இப்படிக் கிரீமில் கலந்து விற்பது புதிதல்ல. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும். பாதரசம் கலந்ததும் உண்டு. கேரளத்தில் மலப்புரம் பக்கம் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இப்படி வெள்ளையாக்கும் கிரீம் போட்டவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்து, 2023-ல் அது பெரிய செய்தியானது.

அவள் படத்தைப் போடாமல், பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் அந்தக் குழுவில் எழுதினேன். சாயந்தரத்துக்குள் காணோம். அட்மினிடம் கேட்டேன். "நெகட்டிவிட்டி வேண்டாம் சிஸ்டர், இது பாசிட்டிவ் ஸ்பேஸ்" என்று பதில் வந்தது. கிரீமைப் புகழ்ந்த பதிவுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பெண்ணின் முகம் வெந்ததைச் சொன்னால் அது குழுவின் அமைதியைக் கெடுக்கிறதாம்!

இதற்கு விதியோ சட்டமோ இல்லை என்று நினைக்காதீர்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், ஆஸ்கி என்பார்கள், விளம்பரத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட அமைப்பு, 2021 ஜூன் 14 முதல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதி வைத்திருக்கிறது. காசு வாங்கினாலும் ஓசியில் பொருள் வாங்கினாலும் விளம்பரம் என்று கண்ணுக்குத் தெரியப் போட வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் மத்திய அரசின் ஆணையம் வழிகாட்டு விதிகளை அறிவித்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை, பரிந்துரைத்தவருக்கு ஓராண்டு வரை தடை, மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை. 2023 ஜனவரியில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: பணம் மட்டும் இல்லை, பரிசு, இலவசப் பயணம், தள்ளுபடி, கடைக்காரரோடு உறவு எல்லாமே சொல்ல வேண்டியவைதான், அதுவும் பேசுகிற மொழியிலேயே. ஒரு மணி நேரத் தமிழ்ப் பேச்சின் மூலையில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஒட்டினால் போதாது. வருமான வரிக்காரர்கள்கூட 2022 ஜூலையிலிருந்து, ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் இப்படி வருகிற பொருளுக்கு 10 சதவீத வரிப் பிடித்தம் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, ஓசியில் வந்த சேலை அரசாங்கத்தின் கணக்கில் அவளுடைய வருமானம். அதைப் பார்த்து வாங்குகிற பெண்ணுக்கு மட்டும் "அப்பத்தா நினைவு".

பெரிய கம்பெனிகள் இதைச் செய்யாது என்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லார்டு அண்ட் டெய்லர் என்ற துணிக்கடை, 50 பேருக்கு ஒரே கவுனை இலவசமாகக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை கொடுத்து, ஒரே வார இறுதியில் இன்ஸ்டாகிராமில் படம் போட வைத்தது. காசு வாங்கியதை யாரும் சொல்லவில்லை. கவுன் விற்றுத் தீர்ந்தது. 2016-ல் அந்நாட்டு வணிக ஆணையம் கேள்வி கேட்டு, இனிமேல் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தது. சண்டே ரைலி என்ற அழகுப்பொருள் கம்பெனியில், ஊழியர்களையே பொய்க் கணக்குகள் தொடங்கி, அழகுப்பொருள் விற்கும் செஃபோரா தளத்தில் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள், குறை சொன்ன கருத்துகளை அமுக்கச் சொன்னார்கள் என்று 2019-ல் அதே ஆணையம் குற்றம் சாட்டியது. அதுவும் சமரசத்தில் முடிந்தது, அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. அங்கேயே அப்படி என்றால், நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுவை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

இதைப் பேசினால் உடனே வருகிற பதில்: "பாவம், வீட்டில் இருந்தபடி நாலு காசு பார்க்கிறா, உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" சம்பாதிக்கட்டும். நல்லா சம்பாதிக்கட்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்து எடிட் பண்ணுவது லேசான வேலை இல்லை, அதற்குக் கூலி வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. "இந்தச் சேலை எனக்கு இலவசமா வந்தது" என்று முதல் வாக்கியத்தில் சொன்னால் அந்தக் கூலியில் என்ன குறைந்துவிடும்? குறைந்துவிடும் என்று பயந்துதான் சொல்லவில்லை என்றால், விற்றது சேலையை இல்லை, மறைத்ததைத்தான்.

"எனக்குப் பிடிச்சதை மட்டும்தான் சொல்றேன்" என்பது அடுத்த பதில். பிடித்திருக்கலாம். அதை நான் முடிவு பண்ணிக்கொள்கிறேன், காசு வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அட்மின்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குழுவில் யார் கடைக்காரர், யார் வாடிக்கையாளர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பதிவை மேலே பின் பண்ணி வைக்க எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது உங்கள் விஷயம். ஆனால் அதை விளம்பரம் என்று எழுதிப் பின் பண்ணுங்கள். குறை சொல்கிற பெண்ணை அழிக்காதீர்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துச் சேலையைப் பற்றி யாராவது எழுதினால், "புரமோஷன் அலவுட் இல்லை" என்று நீக்குகிற அதே கை, காசு கொடுத்தவனுக்கு மட்டும் ஏன் திறக்கிறது?

நான் இனி ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் கீழே ஒரே கேள்வியைத்தான் போடப் போகிறேன்: காசா, ஓசியா, உறவா, இல்லை சொந்தப் பணமா? நீங்களும் போடுங்கள். பதில் சொல்லாமல் பிளாக் பண்ணினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆஸ்கியில் புகார் கொடுக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். என் தங்கை வாங்கிய அந்த டப்பாவையும் பில்லையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்தக் குழுவின் பெயரையும் சேர்த்துத்தான்.