பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேசாதீர்கள்

பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. மேசைக்கு அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் அம்மாவோ அப்பாவோ, பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு. "கவனமே இல்லைங்க, எப்பப் பாரு பேச்சுதான்" என்பார் டீச்சர். "வீட்டுலயும் அப்படித்தான் மிஸ், ரெண்டு போடுங்க, நாங்க ஏன்னு கேட்க மாட்டோம்" என்று பதில் வரும். முன்பெல்லாம் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்றே சொல்வார்கள். சொல்பவர்கள் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். ஆனால் அந்தப் பேச்சு முடியும்வரை பிள்ளையிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

பள்ளி வாழ்க்கையில் குடும்பம் பங்கெடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் அதை உறுதியாக நம்புகிறேன். ஆனால் பிள்ளைக்கான மரியாதை இல்லாமல் வரும் பங்கெடுப்பு, பங்கெடுக்காமல் இருப்பதைவிட மோசம் என்பது என் கருத்து. வீட்டில் மனம் நொந்த பிள்ளைக்கு ஒரு டீச்சர் ஆறுதலாக இருக்க முடியும். பள்ளியில் அவமானப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து அழ முடியும். இரண்டு இடத்துப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டு தன்னைக் குறை சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அவள் யாரிடம் போவாள்? வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் யாராவது அவளைத் தினமும் கேலி செய்தாலும், கிள்ளினாலும், அதைவிட மோசமாக எது நடந்தாலும் நமக்குத் தெரியவே வெகுநாள் ஆகும்.

இது செல்லம் கொடுப்பது பற்றிய பேச்சு இல்லை. ஐ.நா. பொதுச்சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளியின் கட்டுப்பாடுகள் குழந்தையின் மாண்புக்குக் குறைவு வராதபடி இருக்க வேண்டும் என்பது 28-ஆவது பிரிவில் இருக்கிறது.

மாண்பு என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்கிறோம். தொடக்கப் பள்ளியில் அது கழிப்பறையில் இருக்கிறது. "இப்பதானே இன்டர்வெல் விட்டாங்க, உட்காரு" என்று சொல்லப்பட்ட ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அடக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, பெரிய பிள்ளைகள் வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறார்கள் என்றாலும் அடக்கும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தால் மறதி என்று திட்டிவிட்டுப் போகாதீர்கள். நாள்கணக்கில் அடக்கினால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். இதற்கெல்லாம் மேலாக, வகுப்பில் ஒருமுறை உடை நனைந்து எல்லோரும் சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பள்ளி என்றாலே அந்த நாள்தான். கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் மார்க் ஷீட்டை வாங்குவதற்கு முன்னால் கழிப்பறையை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

காலையில் மட்டும் வந்து விடுமுறை நாளில் காணாமல் போகும் வயிற்றுவலியும் இப்படித்தான். அதை நடிப்பு என்று ஒதுக்குகிறோம். பயத்தால் வரும் வலியும் வலிதான். மருத்துவரிடம் காட்டுங்கள், கூடவே வகுப்பில் என்ன நடக்கிறது என்றும் விசாரியுங்கள்.

சார்ல்ஸ் டெஸ்ஃபோர்ஜஸ், ஆல்பர்ட்டோ அபுஷார் இருவரும் 2003-இல் பிரிட்டனின் கல்வித் துறைக்காக, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடக்கப் பள்ளி வயதில், பள்ளிக்குப் பள்ளி உள்ள தர வேறுபாட்டைவிட, பெற்றோர் வீட்டில் காட்டும் ஈடுபாட்டின் வேறுபாடுதான் பிள்ளையின் படிப்பில் அதிகம் தெரிகிறது என்றார்கள். ஈடுபாடு என்று அவர்கள் சொன்னது ஹோம்வொர்க்குக்குக் காவல் நிற்பதை அல்ல. பிள்ளையோடு பேசுவதை, அவள்மேல் நம்பிக்கை வைப்பதை, பாதுகாப்பான வீட்டைத் தருவதை. ஹோம்வொர்க் முடியும்வரை தூங்கக் கூடாது என்று பத்து மணிவரை உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. 6 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

டீச்சர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு வராத வீட்டை "அக்கறையில்லாத வீடு" என்று எழுதிவிடாதீர்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாததால் கூச்சப்பட்டு வராதவர்கள் இருக்கிறார்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளையிடம் "அம்மா கையெழுத்து வாங்கிட்டு வா" என்று எல்லோர் முன்னாலும் சொல்வது எவ்வளவு வலிக்கும் என்று யோசியுங்கள். அதேபோல, ஒரு டீச்சரைப் பற்றியோ இன்னொருவர் பிள்ளையைப் பற்றியோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கண்டபடி எழுதும் பெற்றோரையும் நான் ஏற்கவில்லை. புகார் இருந்தால் நேரில் போய்ப் பேசலாம்.

சரி, கூட்டத்தை வேறு எப்படித்தான் நடத்துவது? பிள்ளையையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முதலில் அவளே தன் நோட்டைத் திறந்து, பிடித்த பக்கத்தையும் கஷ்டமாக இருந்த பக்கத்தையும் காட்டட்டும். யாரோடு விளையாடுகிறாள், எந்த நேரம் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், குளிக்கும்போதோ தூங்கப் போகும்போதோ தானாகச் சொல்வாள். கறாராகப் பேச வேண்டியது இருந்தால் அவளை விளையாட அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொள்ளலாம். பள்ளியே இதைத் தொடங்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் டீச்சர் குறை சொல்லத் தொடங்கும்போது, "மிஸ், இவ கொஞ்சம் வெளியில விளையாடட்டும், நாம பேசலாம்" என்று பெற்றோரே சொல்லலாம்.